வெட்டுவதற்கென்றே நட்ட மரங்கள்

வீட்டைச் சுற்றியுள்ள வெறும் நிலத்தை உணவு தரும் தோட்டமாக மாற்ற நினைக்கிறவர்கள் முதலில் தேடுவது, எதையெல்லாம் நடலாம் என்ற பட்டியலைத்தான். எந்த மரத்தடியில் எந்தக் கிழங்கு தாங்கும், எந்தக் கொடியை எதன்மீது ஏற்றலாம், வேலியோரத்துக்கு எது பொருந்தும் என்று அந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போகும். பெர்மாகல்ச்சர் எனப்படும் நிரந்தர வேளாண்மையைப் பற்றி நான் படித்தவற்றிலும் கேட்டவற்றிலும் பெரும்பகுதி நடுவதைப் பற்றியதாகவே இருந்தது. வெட்டுவதைப் பற்றிய பேச்சு, பராமரிப்பு என்ற தலைப்பின் கீழ் இரண்டு வரிகளில் முடிந்துவிடும். ஆனால் என் வீட்டுக் கொல்லையை உருமாற்றிய வேலைகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், மண்வெட்டியைவிட அரிவாள்தான் அதிகம் செய்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது. இதை எழுத வேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாக இருந்தாலும், எழுத உட்காரவைத்தது ஒரு கேள்விதான்.

மழைக்காலம் தொடங்கும் முன்பு, தலைக்குமேல் உயர்ந்து நின்ற கிளைரிசிடியா மரங்களை இடுப்புயரத்துக்கு வெட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்திருந்த அத்தை பின்வாசலில் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஏம்ப்பா, நட்ட கையாலயே வெட்டுறியே, மனசு வருதா?” என்று கேட்டார். அதில் குத்தல் எதுவும் இல்லை; உண்மையான வருத்தம்தான் இருந்தது. தாம் வளர்த்தது நச்சு மரமே ஆனாலும் வெட்ட மனம் வராது என்பது நம்மிடையே வழிவழியாக வரும் பேச்சு. மரத்தை வெட்டாதே என்று கேட்டு வளர்ந்த தலைமுறையும், மரம் நடு என்று கேட்டு வளர்ந்த தலைமுறையும் இந்த இடத்தில் ஒன்றாகவே நிற்கின்றன. நான் அப்போது சொன்ன பதில் அவருக்கும் போதவில்லை, எனக்கும் போதவில்லை. “இது வெட்டுறதுக்குன்னே நட்டது, அத்தை” என்றேன். வெட்டுவதற்கென்றே ஒரு மரத்தை ஏன் நட வேண்டும் என்பதை ஒரு வரியில் சொல்லிவிட முடியாது.

கட்டடம் விட்டுச்சென்ற மண்

வீடு கட்டி முடித்த இடங்களில் எஞ்சும் மண் எப்படியிருக்கும் என்பது கடப்பாறை பிடித்தவர்களுக்குத் தெரியும். மேல்மண் எங்கோ அடியில் புதைந்துபோயிருக்கும். மேலே செங்கல் துண்டு, சிமெண்ட் கலவை காய்ந்த கட்டி, வண்டி ஏறி இறங்கி இறுகிய அடிமண். மழை பெய்தால் உள்ளே இறங்காமல் வழிந்தோடும். வெயிலடித்தால் பாளம்பாளமாக வெடிக்கும். இத்தகைய நிலத்தில் ஒரு மாங்கன்றையோ எலுமிச்சைக் கன்றையோ வைத்தால் அது சாகாது. ஆனால் வளரவும் செய்யாது. குழியில் போட்ட நல்ல மண் தீரும்வரை துளிர்விட்டு, வேர் குழியைத் தாண்டிய அன்றோடு நின்றுவிடும். கொல்லையில் வைத்த பழமரம் ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்கிறது என்று பலரும் சொல்வதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

வெற்று நிலத்தை இயற்கை தன் போக்கில் மீட்டெடுக்கும்போது அது பழமரத்திலிருந்து தொடங்குவதில்லை. முதலில் புல்லும் களையும் வரும், அடுத்துப் புதர்கள், பிறகு விரைந்து வளர்ந்து விரைந்து மடியும் மரங்கள், அவற்றின் நிழலிலும் சருகிலும் நெடுநாள் வாழும் மரங்கள். 1970களில் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பில் மாலிசனும் டேவிட் ஹோம்கிரனும் சேர்ந்து, ஆண்டுதோறும் உழுது விதைக்கத் தேவையில்லாத பல்லாண்டுப் பயிர்களைக் கொண்ட உணவு அமைப்பைப் பற்றிச் சிந்தித்தபோது, காட்டின் நடைமுறைதான் அவர்களுக்கு முன்மாதிரியாக இருந்தது. நாம் அந்தக் காட்டின் முடிவான தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, இடையில் வந்து போகும் மரங்களை விட்டுவிடுகிறோம். பழமரங்களுக்கு நடுவே நான் கிளைரிசிடியாப் போத்துகளையும் (ஊன்றி வளர்க்கும் குச்சிகளையும்) துவரையையும் அகத்தியையும் நெருக்கமாக வைத்தது அந்த இடைக்காலத்துக்காகத்தான். ஒரு பழமரத்துக்குப் பல துணைமரங்கள் என்ற அந்த விகிதத்தைப் பார்த்தவர்களுக்கெல்லாம் இடம் வீணாவதாகவே தோன்றியது.

கிளைரிசிடியாவின் தாயகம் மெக்சிகோவும் நடு அமெரிக்காவும். கொக்கோத் தோட்டங்களுக்கு நிழல்மரமாகத் தொன்றுதொட்டு வளர்க்கப்பட்டது. பிறகு வெப்பமண்டலம் எங்கும் பரவியது. விரல் தடிமனுக்கு மேற்பட்ட முற்றிய குச்சியை வெட்டி ஈர மண்ணில் ஊன்றினால் வேர்விடும். எத்தனை முறை வெட்டினாலும் கணுவுக்குக் கணு சிம்பு வெடித்து எழும். காய்ந்த இலையின் எடையில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், இருப்பதால், மண்மீது போட்ட சில வாரங்களில் இலை கரைந்து நரம்பும் காம்பும்தான் மிஞ்சும். இதன் விதையும் பட்டையும் இலையும் எலிகளைக் கொல்லப் பயன்பட்டவை என்பதால், உண்ணும் செடிகளோடு இது நிற்கும்போது வீட்டில் குழந்தைகள் இருப்பவர்கள் அவர்களுக்குச் சொல்லிவைப்பது நல்லது.

நிழலின் கணக்கு

வீட்டுத் தோட்டத்தில் இடப் பற்றாக்குறை என்று நாம் சொல்வது பெரும்பாலும் வெளிச்சப் பற்றாக்குறைதான். மண் இருக்கும், நீர் இருக்கும். ஒருபுறம் வீட்டுச் சுவரும் மறுபுறம் பக்கத்து வீட்டு மாடியும் நாளின் பாதி வெயிலை எடுத்துக்கொள்ளும். எஞ்சிய வெயிலை மரங்கள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டால் தரைக்கு எதுவும் வராது. இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் ராபர்ட் ஹார்ட் ஏறத்தாழ 500 சதுர மீட்டரில் அமைத்த உணவுக் காடு, உயரமரம் தொடங்கிக் கிழங்கும் கொடியும் வரை 7 அடுக்குகளாகப் பிரித்து விளக்கப்பட்டதால் உலகமெங்கும் பெயர்பெற்றது. அந்த 7 அடுக்குப் படத்தைப் பார்த்துவிட்டுத் தோட்டம் போடுகிறவர்கள் பலர். சூரியன் தாழ்வாகச் சாயும் அந்த ஊரிலேயே அடுக்குகளுக்கு இடையே வெளி விட்டாக வேண்டும். வெளிச்சம் தலைக்குமேலிருந்து விழும் வெப்பமண்டலத்தில் அடுக்குகள் இன்னும் நன்றாக இயங்கும் என்றாலும், அங்கே மரங்கள் கூடுகிற வேகமும் அதிகம். ஓரிரு மழைக்காலங்களில் படத்தில் உள்ள 7 அடுக்குகளில் மேலிருக்கும் இரண்டு மட்டும் கொழித்து, கீழே உள்ளவை வெளிறிப்போகும்.

இங்கே எல்லாச் செடியையும் ஒரே கண்ணால் பார்க்கக் கூடாது. பெரும்பாலான காய்கறிச் செடிகளில் ஒரு தனி இலை, உச்சி வெயிலில் ஏறத்தாழப் பாதி கிடைத்தாலே தன் முழு வேகத்தை எட்டிவிடும். அதற்கு மேற்பட்ட வெளிச்சம் அந்த இலைக்குச் சுமைதான். கடுங்கோடையில் கத்தரியும் மிளகாயும் நடுப்பகலில் தொய்வதையும், சல்லடை நிழலில் நிற்பவை நிமிர்ந்தே இருப்பதையும் பார்க்கலாம். தண்டுக்கீரை அப்படியில்லை. மக்காச்சோளத்தைப் போல அதுவும் முழு வெயிலையும் வாங்கிப் பயன்படுத்தும் வகையைச் சேர்ந்தது. தாவரவியலில் இதைச் சி4 என்பார்கள். துணைமரத்தின் நிழல் சற்று அடர்ந்ததும் என் பாத்திகளில் முதலில் முகம் வாடியது அதுதான்: தண்டு நீண்டு, கணுவிடை அகன்று, இலை சிறுத்து, தொட்டால் சாயும் நிலையில் நின்றது. அதற்கு ஒரு முழ தூரத்தில் மஞ்சளும் சேம்பும் அகல இலையோடு செழித்திருந்தன. அரிவாளை எப்போது எடுக்க வேண்டும் என்பதற்கு இப்போதும் நான் தண்டுக்கீரையைத்தான் பார்க்கிறேன். நிழல் எவ்வளவு என்று அளக்க எந்தக் கருவியும் அவ்வளவு தெளிவாகச் சொல்வதில்லை.

பள்ளத்தில் கண்டது

துணைமரங்கள் தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும் என்பதைத் தோட்டம் போடுகிற எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன்தான், ஆனால் செடிகளால் அதை நேராக எடுத்துக்கொள்ள முடியாது. அவரைக் குடும்பத்தின் வேர்முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் நுண்ணுயிர்கள் அதைப் பிடித்து மரத்துக்குத் தருகின்றன. இதைக் கேட்டதும் மனத்தில் எழும் படம், மரம் நின்றபடியே தன் பக்கத்துச் செடிக்கு ஊட்டிக்கொண்டிருப்பது. அந்தப் படம் உண்மையானால் வெட்ட வேண்டிய தேவையே இல்லை. மரம் பெரிதாகப் பெரிதாகக் கொடையும் பெரிதாக வேண்டும்.

தண்ணீர்க் குழாய் பதிக்க ஒரு நீளப் பள்ளம் தோண்ட வேண்டியிருந்தது. அது சில வாரங்களுக்கு முன் தலைவெட்டிய ஒரு கிளைரிசிடியாவுக்கும், இன்னும் வெட்டாத இன்னொன்றுக்கும் அருகே சென்றது. வெட்டியதன் பக்கத்தில்தான் எலுமிச்சை நிற்கிறது. வெட்டாத மரத்தின் பக்கம் பள்ளத்தின் சுவரில் நீட்டிக்கொண்டிருந்த மெல்லிய வேர்களில், கடுகு அளவிலும் மிளகு அளவிலும் உருண்டையான முடிச்சுகள் கொத்தாக ஒட்டியிருந்தன. ஒன்றை எடுத்து நகத்தால் கீறினேன். உள்ளே இளஞ்சிவப்பு. நம் இரத்தத்தின் செந்நிறத்துக்குக் காரணமான பொருளுக்கு உறவான லெக்ஹீமோகுளோபின் தருகிற நிறம் அது. உள்ளே சிவந்திருக்கும் முடிச்சுதான் வேலை செய்கிற முடிச்சு. வெட்டிய மரத்தின் பக்கம் வேர்களைத் தடவித் தேடியபோது, முடிச்சுகள் இருந்த இடங்களில் பழுப்பேறிச் சுருங்கிய தோல்கள் கிடைத்தன. அழுத்தினால் உள்ளே ஒன்றுமில்லை. மெல்லிய வேர்களில் பலவும் கைபட்டதும் உதிர்ந்தன. அந்த உதிரி வேர்களின் ஊடாக, அதே கையகல மண்ணில், எலுமிச்சையின் வெள்ளை வேர்நுனிகள் நுழைந்து பரவியிருந்தன.

அந்தப் பள்ளத்தின் விளிம்பில் நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு பள்ளத்தை வைத்து எதையும் நிறுவிவிட முடியாது. ஆனால் அங்கே பார்த்தது, இந்த மரங்களைப் பற்றித் தெரிந்த செய்தியோடு அப்படியே பொருந்தியது. உயிரோடு செழித்து நிற்கும் மரம், பிடித்த தழைச்சத்தைத் தன் இலைக்கும் விதைக்கும்தான் அனுப்புகிறது. பக்கத்துச் செடிக்கு நேராகக் கைமாறுவது சிறிதளவே. இலை உதிரும்போதும், வேர் மடியும்போதும், முடிச்சு கழன்று மட்கும்போதும்தான் அது பொதுச் சொத்தாகிறது. தலையை வெட்டினால், கீழே இருக்கும் அவ்வளவு வேரையும் காக்க மரத்தால் முடியாது. தன் வேரில் ஒரு பகுதியைக் கைவிட்டு, புதுச் சிம்புகளுக்குத் தேவையானதை மட்டும் வைத்துக்கொள்ளும். இலை தழைத்ததும் மீண்டும் வேர் பரப்பும், மீண்டும் முடிச்சிடும். ஆக, ஒரு வெட்டு இரண்டு இடங்களில் உரமிடுகிறது: மேலே மண்ணைப் போர்த்தும் தழை மூடாக்காக, கீழே எந்த மண்வெட்டியும் இவ்வளவு நுணுக்கமாகக் கொண்டுபோக முடியாத ஆழத்தில் மட்கும் வேராக. இறுகிய அடிமண்ணில் அந்த வேர்கள் விட்டுச்செல்லும் மெல்லிய வழிகளில்தான் பிறகு நீரும் காற்றும் இறங்குகின்றன. அத்தையிடம் அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான் என்று தோன்றியது. அடுத்த முறை அவர் வந்தபோது சொல்லவும் செய்தேன். அவர் எலுமிச்சையின் அடிமண்ணைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்தார். மரத்தைப் பற்றி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

விட்டுவிடுவதும் ஒரு தலையீடுதான்

இயற்கையை அதன் போக்கில் விடுவதுதான் சரி என்ற கருத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கருத்தின் பெயரால் எல்லோரும் சுட்டிக்காட்டும் இயற்கை வேளாண்மை முன்னோடி மசனோபு புகோகாவின் வாழ்க்கையிலேயே இதற்கான எச்சரிக்கை இருக்கிறது. ஜப்பானின் ஷிகோகு தீவில், கவாத்து செய்து, அதாவது கிளைகளைக் கழித்து, வளர்க்கப்பட்ட தன் தந்தையின் ஆரஞ்சு மரங்களை அவர் ஒன்றும் செய்யாமல் விட்டபோது, கிளைகள் ஒன்றோடொன்று பின்னிச் சிக்கி, பூச்சிகள் பெருகி, மரங்கள் பட்டுப்போயின. ஒருமுறை மனிதக் கை பட்டு வடிவம் மாறிய மரத்தைக் கைவிடுவது இயற்கைக்குத் திரும்புவது ஆகாது என்பதை அவர் அங்கேதான் கற்றார். பின்னாளில் தன் தோட்டத்தில் பழமரங்களுக்கு நடுவே அவர் மண்ணை வளப்படுத்த வேலமர வகை ஒன்றை வளர்த்ததையும் நான் முக்கியமாகக் கருதுகிறேன். சுவிட்சர்லாந்தில் பிறந்து, 1980களில் பிரேசிலின் பாஹியா மாநிலத்தில் சீரழிந்த நிலத்தில் குடியேறி, அதைக் கொக்கோ விளையும் காடாக மாற்றிய எர்ன்ஸ்ட் கோட்ச் இன்னும் ஒருபடி மேலே போகிறார். அவருடைய முறையின் முதுகெலும்பே ஓயாத கவாத்துதான்.

காட்டில் வெட்டும் வேலையைக் காற்றும் மின்னலும் விலங்குகளும் முதுமையும் செய்கின்றன. ஒரு பெருமரம் சாய்ந்தால் அந்த இடைவெளியில் வெளிச்சம் விழுந்து, காத்திருந்த கன்றுகள் எழுகின்றன. சுற்றுச்சுவருக்குள் அடங்கிய கொல்லையில் புயல் வீசி மரம் சாய்வதை யாரும் விரும்ப மாட்டோம். அந்த இடைவெளியை உண்டாக்கும் பொறுப்பு அப்போது வீட்டுக்காரரின் கைக்கு வருகிறது. அதைத் தட்டிக்கழித்தால் தோட்டம் காடாகிவிடாது. உயரமான நான்கைந்து மரங்களும் அவற்றின் அடியில் கொசு மண்டும் ஈர நிழலுமாக நின்றுவிடும்.

அரிவாள் எடுக்கும் பருவம்

எல்லாத் துணைமரமும் ஒரே மாதிரி வெட்டுத் தாங்காது. கிளைரிசிடியாவையும் கல்யாண முருங்கையையும் இடுப்புயரத்துக்கு இறக்கலாம். துவரையின் கிளைகளை அளவாகக் குறைக்கலாம், அதற்கும் ஆயுள் சில ஆண்டுகள்தான். அகத்தியின் நடுத்தண்டை மொட்டையாக வெட்டினால் பெரும்பாலும் பட்டுப்போகும். அதில் பக்கக் கிளைகளை மட்டும், கீரையும் பூவும் பறிக்கிற சாக்கில் ஒடித்துக்கொண்டிருப்பதே நல்லது. முருங்கை எத்தனை வெட்டையும் தாங்கும் என்றாலும் அது அவரைக் குடும்பம் அல்ல. வேர்முடிச்சு அதில் கிடையாது. பலரும் இதைத் துணைமரங்களின் வரிசையில் சேர்த்துவிடுவதால் சொல்கிறேன்.

காலம் பார்ப்பதுதான் இந்த வேலையின் உயிர். கோடையின் உச்சத்தில், மண்ணுக்கு நிழல் மிகவும் தேவைப்படும்போது வெட்டக் கூடாது. நீரின்றித் தவிக்கும் மரத்துக்கு அது பெரிய அடி, அதன் கீழே நிற்கும் கன்றுகளுக்கும் அப்படியே. வானம் மூடி வெளிச்சம் குறையப்போகிற மழைப் பருவத்தின் வாசலில் வெட்டினால், நிழல் குறைய வேண்டிய நேரத்தில் குறைகிறது, ஈரம் இருப்பதால் தழை விரைவில் மட்குகிறது, மரமும் உடனே துளிர்க்கிறது. பூத்து விதை முற்றும்வரை காத்திருந்தால் சத்தெல்லாம் விதைக்குப் போய்விடும். கனமான கிளையை மேலிருந்து ஒரே வெட்டில் இறக்கினால் பட்டை உரிந்து கீழ்வரை கிழியும். முதலில் அடிப்புறம் ஒரு கீறல் கொடுத்துவிட்டு மேலிருந்து வெட்ட வேண்டும். வெட்டு சரிவாக இருந்தால் நீர் தேங்காது. எலுமிச்சையிலோ ஆரஞ்சிலோ கவாத்து செய்த கத்தரியைத் துடைத்துச் சுத்தம் செய்யாமல் இன்னொரு மரத்துக்குக் கொண்டுபோகக் கூடாது.

வெட்டியதை எங்கே போடுகிறோம் என்பதில் பாதிப் பயன் இருக்கிறது. தடித்த துண்டுகளை நிலத்தின் சரிவுக்குக் குறுக்கே, மண்ணோடு ஒட்டும்படி கிடத்துகிறேன். குச்சிகள் அதன்மேல், இலை எல்லாவற்றுக்கும் மேலே. 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் நீர் இறங்கும். அது கொல்லை வழியே ஓடித் தெருவுக்குப் போகும்போது மிச்சமிருக்கும் மேல்மண்ணையும் அரித்துக்கொண்டு போகும். குறுக்கே கிடக்கும் கட்டைகளில் தட்டி நின்றால் அங்கேயே ஊறும், வண்டலும் அங்கேயே படியும். மரக்கட்டையை மண்ணோடு கலந்து புதைத்தால், அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தை எடுத்துக்கொண்டு செடிகளைச் சிலகாலம் பட்டினி போடும். மேலாகக் கிடந்தால் அந்தத் தொல்லை இல்லை. மூடாக்கு அரை அடி உயரம்வரை இருக்கலாம். ஆனால் பழமரத்தின் அடித்தண்டைத் தொடவே கூடாது. ஒரு சாண் இடைவெளி விட வேண்டும், இல்லையேல் ஈரத்தில் பட்டை அழுகும். கறையான் வருமே என்று கேட்பார்கள். வரும், பெரும்பாலும் காய்ந்த கட்டையைத்தான் தின்னும். வீட்டுச் சுவரையொட்டி மட்டும் நான் எதையும் குவிப்பதில்லை.

துணைமரங்களுக்கும் ஒரு முடிவு உண்டு. பழமரங்களின் குடை ஒன்றையொன்று நெருங்கத் தொடங்கியதும், நடுவில் நிற்பவற்றை முழுவதுமாக எடுத்துவிட வேண்டும். என் கொல்லையில் மாமரத்தின் கிழக்கே நின்றவற்றுக்கு அந்தக் காலம் வந்துவிட்டது. இந்தப் பருவம் அவற்றைத் தரைமட்டத்துக்கு வெட்டி, துளிர்க்கும் சிம்புகளை ஒடித்துக்கொண்டே வரப்போகிறேன். அடிக்கட்டையையும் வேரையும் பிடுங்க மாட்டேன், அவை இருந்த இடத்திலேயே மட்கட்டும். மேற்குச் சுவரோரம் உள்ளவை உயிர்வேலியாகவும் மாலை வெயிலுக்கு மறைப்பாகவும் இருக்கும், அவற்றிலிருந்து ஆண்டுக்கொருமுறை தழையும் போத்தும் கிடைக்கும். எலுமிச்சைக்குப் பக்கத்தில் நிற்பதை மட்டும் என்ன செய்வது என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. எலுமிச்சையின் தெற்குப் பக்கக் கிளைகளில் பூ குறைவாக இருக்கிறது. அது நிழலாலா, வேறு காரணத்தாலா என்று தெரிய, இம்முறை அந்தப் பக்கத்தை மட்டும் திறந்துவிட்டு அடுத்த பூப்பு வரை பார்க்கப்போகிறேன்.